எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

சில வருஷங்களுக்கு முன் ஒரு கருத்தரங்கில் உட்கார்ந்திருந்தேன். மேடைக்குப் பின்னால் தலைப்பு தொங்கிக்கொண்டிருந்தது: ‘ஆங்கிலத்தில் எழுதும் ஆப்பிரிக்கரும் பிரெஞ்சில் எழுதும் ஆப்பிரிக்கரும் – ஓர் ஒப்பீடு.’ பேசிய பேராசிரியர் ஒரு மணி நேரம் தராசு பிடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் தரையில் நடக்கிறார்களாம். கதை, சமூகம், யதார்த்தம். பிரெஞ்சில் எழுதுகிறவர்கள் வானத்தில் மிதக்கிறார்களாம். கவிதை, குறியீடு, தத்துவம். கைதட்டல். அப்புறம் தேநீர், ஆளுக்கு இரண்டு பிஸ்கட்.

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று எழுந்து கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வந்துவிட்டேன். அந்த பிஸ்கட் இன்னும் செரிக்கவில்லை. அதனால் இந்தக் கட்டுரை.

ஒப்பீடுதானே வேண்டும்? முறையாகவே செய்வோம். ஏட்டை அப்புறம் புரட்டலாம், முதலில் கழுத்தைப் பார்ப்போம்.

கென்யாவில் கூகி வா தியாங்கோ படித்த பள்ளியில், தாய்மொழியான கிக்குயூவில் பேசி மாட்டிக்கொண்ட பிள்ளைக்குப் பிரம்படி கிடைக்கும். இல்லையென்றால் கழுத்தில் ஓர் உலோகத் தகடு. ‘நான் முட்டாள்’ என்றோ ‘நான் கழுதை’ என்றோ அதில் எழுதியிருக்கும், ஆங்கிலத்தில். கழுதையானாலும் ஆங்கிலம் தெரிந்த கழுதையாக இருக்க வேண்டும் அல்லவா? குற்றவாளியைக் கண்டுபிடிக்க வாத்தியார் மெனக்கெட வேண்டியதில்லை. காலையில் ஒரு பிள்ளையிடம் ஒரு பொத்தானைக் கொடுத்துவிடுவார். தாய்மொழியில் பேசுகிறவன் கையில் அவன் அதைத் திணித்துவிட வேண்டும். அது கை மாறிக்கொண்டே போகும். மாலையில் யாரிடம் இருக்கிறதோ அவன் தனக்குக் கொடுத்தவன் பெயரைச் சொல்வான். அவன் தனக்குக் கொடுத்தவன் பெயரைச் சொல்வான். மொழிப் பாடத்தோடு காட்டிக்கொடுக்கும் பாடமும் இலவச இணைப்பு.

பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவிலும் இதே சரக்கு விற்றது. அங்கே அதற்கு ‘சின்னம்’ என்று பெயர். தாய்மொழியில் வாய் திறந்த பிள்ளை அதைச் சுமக்க வேண்டும். இன்னொரு பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தால்தான் விடுதலை. ஐவரி கோஸ்ட்டின் பெர்னார் தாதியே 1956-இல் வெளிவந்த ‘கிளிம்பியே’ நாவலில் இதை எழுதிவைத்திருக்கிறார். ஆங்கிலேயன் ‘கழுதை’ என்று எழுதித் தொங்கவிட்டான். பிரெஞ்சுக்காரன் ‘சின்னம்’ என்று பெயர் சூட்டித் தொங்கவிட்டான். ஒன்று யதார்த்தவாதம், இன்னொன்று குறியீட்டியம். பேராசிரியர் சொன்னது சரிதான். வேறுபாடு கழுத்திலேயே தொடங்கிவிடுகிறது.

சரக்கின் தரத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. இரண்டு கம்பெனிகளுமே உள்நாட்டில் பரீட்சை பார்த்துவிட்டுத்தான் கப்பலேற்றின. வேல்ஸ் பிள்ளைகளின் கழுத்தில் ஆங்கிலமும், பிரான்சின் பிரெத்தாஞ் பகுதிப் பிள்ளைகளின் கழுத்தில் பிரெஞ்சும் ஏற்கெனவே தொங்கியிருந்தன.

*

கம்பெனிகளின் வியாபார முறையில் வித்தியாசம் உண்டு. ஆங்கிலேயன் கடைக்காரன். ‘நீ நீயாகவே இரு, கல்லாக் கணக்கை மட்டும் என் மொழியில் எழுது’ என்பான். பைபிளை விற்க வேண்டியிருந்ததால் மிஷன் பள்ளிகளின் கீழ் வகுப்புகளில் உள்ளூர் மொழியை அனுமதித்தான். அந்தச் சந்தில் நுழைந்துதான் தாமஸ் மொஃபோலோ சொத்தோ மொழியிலும், டி.ஓ. ஃபகுன்வா யோருபாவிலும் நாவல் எழுதினார்கள். பிரெஞ்சுக்காரன் தலைமை ஆசிரியர். ஒன்றாம் வகுப்பிலிருந்தே பிரெஞ்சு. தேறினால் நீ பிரெஞ்சுக்காரன், தேறாவிட்டால் நீ ஒன்றுமே இல்லை. சந்து பொந்தெல்லாம் அடைத்தாயிற்று.

சரக்கு வாங்கியவர்கள் அதைக் கையில் எடுத்து உடைத்துப் பார்த்தபோதுதான் வேடிக்கை.

அமோஸ் டுட்டுவோலா லாகோஸில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் பியூன். கள்ளுக் குடியன் ஒருவன், செத்துப்போன தன் கள்ளிறக்கியைத் தேடிப் பிணங்களின் ஊருக்குப் போகும் கதையைத் தன் வாயில் வந்த ஆங்கிலத்தில் எழுதினார். 1952-இல் லண்டனில் ஃபேபர் வெளியிட்டது. வெள்ளைக்காரர்கள் குதூகலித்தார்கள். படித்த நைஜீரியர்களுக்கு மானம் போயிற்று. இலக்கணம் தெரியாத ஆளைக் காட்டி நம்மையெல்லாம் கேலி செய்கிறானே என்று குமுறினார்கள். லண்டனுக்கு அது மிருகக்காட்சிசாலை, லாகோஸுக்கு அது பரீட்சைத் தாள். கதையைக் கதையாகப் படிக்க இரண்டு ஊரிலும் ஆள் குறைவு.

அடுத்த வருஷமே அந்தப் புத்தகம் பிரெஞ்சில் வந்துவிட்டது. மொழிபெயர்த்தவர் ரேமோன் க்வெனோ, வெளியிட்டது காலிமார். அடடா, பாரீஸுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று நினைக்கிறீர்களா? அந்தப் பெரிய மனசை நம்பி அஹமது குரூமா போனார். ஐவரி கோஸ்ட்டுக்காரர், காப்பீட்டுத் துறையில் வேலை. தன் மலிங்கே மொழியின் மூச்சுக்கு ஏற்றபடி பிரெஞ்சை வளைத்து, நெளித்து, ‘விடுதலைகளின் சூரியன்கள்’ என்ற நாவலை எழுதினார். பிரான்சின் பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் அது 1968-இல் அட்லாண்டிக் கடலைத் தாண்டி மொன்றியாலில் அச்சானது. அங்கே பரிசு பெற்று, பெயர் எடுத்த பிறகு, 1970-இல் பாரீஸ் பதிப்பகம் ஒன்று பதறிக்கொண்டு உரிமை வாங்கியது. ஆங்கிலத்தை உடைத்தால் கலை, பிரெஞ்சை உடைத்தால் களவு. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

குரூமா மறக்கிற ஆள் இல்லை. முப்பது வருஷம் கழித்து ஒரு நாவலில் பழி தீர்த்தார். கதை சொல்கிற பையன் பிரஹிமா, லைபீரியாவிலும் சியரா லியோனிலும் நடந்த போர்களில் குழந்தைப் போராளி. அவன் கையில் கலாஷ்னிகோவ். கூடவே நான்கு அகராதிகள். ஒவ்வொரு படுகொலைக்கும் நடுவில் நின்று, கடினமான சொல்லுக்கு அடைப்புக்குறி போட்டுப் பொருள் சொல்கிறான். ஆப்பிரிக்கச் சொல்லை வெள்ளைக்காரனுக்கு, வெள்ளைக்காரச் சொல்லை ஆப்பிரிக்கனுக்கு. பிணம் விழுந்துகொண்டிருக்கும்போதும் சொற்பிரயோகம் சரியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பாரீஸ் கோபித்துக்கொள்ளும். 2000-இல் பாரீஸ் அதற்கு ரெனோதோ பரிசு கொடுத்தது. தன்னைத்தான் செருப்பால் அடிக்கிறான் என்று தெரியாமல் கொடுத்ததா, தெரிந்தே கொடுத்ததா என்பது இன்றும் விளங்கவில்லை.

*

பிரெஞ்சுக் கம்பெனியின் சிறந்த மாணவர் விருதை மட்டும் யாரும் தட்டிப் பறிக்க முடியாது. லெயோபோல்ட் சேதார் செங்கோர். கவிஞர், பிரெஞ்சு இலக்கண ஆசிரியர், 1960 முதல் 1980 வரை செனகலின் அதிபர்.

இவர் ஆட்சியில் நடந்த ஒரு காரியத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். உஸ்மான் செம்பேன் மார்சேய் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பிரெஞ்சில் நல்ல நாவல்கள் எழுதினார். எழுதிப் பார்த்துவிட்டு, யாருக்காக எழுதினாரோ அந்தச் சனங்களால் அதைப் படிக்க முடியாது என்பதைக் கண்டு, கேமராவைத் தூக்கினார். 1968-இல் வோலோஃப் மொழியில் ‘மந்தாபி’ எடுத்தார். பிறகு 1977-இல் ‘செத்தோ’. அரசாங்கம் அந்தப் படத்துக்குத் தடை போட்டது. சொன்ன காரணம் என்ன தெரியுமா? எழுத்துப் பிழை. ‘செத்தோ’வை ரோமன் எழுத்தில் எழுதும்போது ஒரு ‘டி’தான் போட வேண்டும் என்று அதிபரின் அரசு ஆணையே பிறப்பித்திருந்தது, செம்பேன் இரண்டு ‘டி’ போட்டிருந்தார், எடுக்கவும் மறுத்தார். அடிமை வியாபாரத்தையும் மதத் திணிப்பையும் பற்றிய படம். அதில் அதிபரின் கண்ணில் பட்டது ஒரு மெய்யெழுத்து! செங்கோர் பதவியை விட்டுப் போன பிறகுதான் அந்த நாட்டு மக்கள் அதைத் திரையில் பார்க்க முடிந்தது.

வாழ்நாளெல்லாம் பிரெஞ்சுக்குத் தேன் வார்த்த கை, தன் நாட்டு மொழிக்குச் சிவப்பு மையை மட்டும் எடுத்தது. வாத்தியார் போனாலும் பொத்தான் பள்ளியிலேயே கிடக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கைமேல் பலன் கிடைத்தது. 1983-இல் செங்கோரைப் பிரெஞ்சு அகாதெமி உறுப்பினராக்கினார்கள், முதல் ஆப்பிரிக்கர். 1635-இல் ஏற்பட்ட சபை, நாற்பதே நாற்காலி. உட்காருகிறவர்களுக்கு ‘சாகாவரம் பெற்றவர்கள்’ என்று பட்டம். பச்சைப் பூவேலை போட்ட அங்கி, இடுப்பில் வாள். 2001 டிசம்பரில் அந்தச் சாகாவரம் செத்துப்போனது. டக்காரில் அடக்கம். பிரான்சின் அதிபர் சிராக் வரவில்லை. பிரதமர் ஜோஸ்பானும் வரவில்லை. அதே அகாதெமியைச் சேர்ந்த எரிக் ஓர்சென்னா, வெட்கமாக இருக்கிறது என்று பத்திரிகையில் எழுதினார். அவருக்காவது இருந்ததே.

*

ஆங்கிலக் கம்பெனிக்காரர்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் கதை கம்பாலாவில் இருக்கிறது.

1962 ஜூன். உகாண்டாவின் மக்கெரெரே கல்லூரி. மாநாட்டின் பெயரிலேயே நுழைவுச் சீட்டின் நிபந்தனை இருந்தது: ‘ஆங்கிலத்தில் எழுதும் ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாடு.’ நைஜீரியாவிலிருந்து அச்செபே வந்தார், சோயிங்கா வந்தார், ஒகிக்போ வந்தார். இரண்டொரு சிறுகதை எழுதியிருந்த மாணவர் ஜேம்ஸ் கூகி (வா தியாங்கோ ஆனது பின்னாளில்) கூட வந்தார். பக்கத்து நாடான தாங்கனிக்காவில், ஸ்வாஹிலி இலக்கியத்தின் பெருங்கவி ஷாபான் ராபர்ட் உயிரோடு இருந்தார். அவரால் வர முடியாது. அவர் எழுதியது ஆப்பிரிக்க மொழியில். யோருபா நாவலின் மூத்தவர் ஃபகுன்வாவும் உயிரோடுதான் இருந்தார். அவருக்கும் தகுதி இல்லை. இவர்களையெல்லாம் வெளியே நிறுத்திவிட்டு உள்ளே எதை விவாதித்தார்கள் என்கிறீர்கள்? ‘ஆப்பிரிக்க இலக்கியம் என்றால் என்ன?’ மாப்பிள்ளையை வாசலிலேயே நிறுத்திவிட்டு, மாப்பிள்ளை என்றால் யார் என்று பந்தலுக்குள் பட்டிமன்றம் நடத்தியது போல. அந்த மாதமே ஷாபான் ராபர்ட் காலமானார்.

செலவு யாருடையது? பாரீஸில் தலைமையகம் வைத்திருந்த ‘பண்பாட்டுச் சுதந்திரப் பேரவை’ முன்னின்று நடத்தியது. அந்தப் பேரவைக்குப் படியளந்தது அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ. என்பது சில வருஷங்களில் அம்பலமானது. ஆங்கில எழுத்தாளர்களுக்கு மாநாடு, பாரீஸ் அலுவலகம், வாஷிங்டன் பணம், கம்பாலா சாப்பாடு. இதில் ஆப்பிரிக்காவின் பங்கு சாப்பாடு மட்டும்தான்.

கறுப்பர் அடையாளத்தைக் கொண்டாடிய செங்கோரின் ‘நீக்ரோத்துவ’த்தைச் சோயிங்கா கிண்டலடித்ததும் இதே சமயத்தில்தான்: புலி தன் புலித்தனத்தைப் பறைசாற்றிக்கொண்டு திரியாது, பாயும் என்ற பொருளில். நல்ல அடி, மறுக்கவில்லை. ஆனால் ஆப்பிரிக்கக் காட்டில் புலியே கிடையாது. சிங்கம் உண்டு, சிறுத்தை உண்டு. இரண்டு இறக்குமதி மொழிகளின் சண்டைக்கு உவமையும் இறக்குமதி விலங்காகவே அமைந்தது. பின்னாளில் அதே சோயிங்கா, கண்டம் முழுமைக்கும் ஸ்வாஹிலி பொதுமொழியாக வேண்டும் என்றார், ஆங்கிலத்தில்.

*

சரி, வெள்ளைக்காரன்தான் போய்விட்டானே. பிரம்பு என்ன ஆயிற்று? பத்திரமாக இருக்கிறது. கைப்பிடிக்குப் புதுத் துணி சுற்றியிருக்கிறார்கள்.

1977-இல் கூகி ‘இரத்த இதழ்கள்’ நாவலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். கென்யாவின் ஆளும் கூட்டத்தைக் கிழித்துத் தோரணம் கட்டிய நாவல். என்ன நடந்தது? அமைச்சர் ஒருவரே விழாவுக்கு வந்து வெளியிட்டுவைத்தார். ஆங்கிலத்தில் திட்டினால் யாருக்கு வலிக்கும்? அதே வருஷம் கமிரீத்து கிராமத்தில் தோட்டத் தொழிலாளிகளும் விவசாயிகளும் தாங்களே திறந்தவெளி அரங்கு கட்டி, கிக்குயூவில் ஒரு நாடகம் போட்டார்கள். கூகியும் கூகி வா மிரீயும் எழுதியது. சனம் திரண்டது. சில வாரங்களில் உரிமம் ரத்து. டிசம்பர் 31 அன்று கூகி வீட்டுக்கு போலீஸ். விசாரணை கிடையாது, ‘காமிட்டி’ என்ற சிறையில் ஒரு வருஷம். அப்போதைய அதிபர் ஜோமோ கென்யாட்டாவின் தாய்மொழி என்ன என்று நினைக்கிறீர்கள்? கிக்குயூ.

சிறையில் காகிதம் கிடையாது. கழிப்பறைத் தாள் உண்டு. கைதிகளுக்கென்றே சொரசொரப்பாகச் செய்தது. உடம்புக்கு ஆகாத அந்தத் தாள் பேனாவுக்கு நன்றாக ஒத்துழைத்தது என்று கூகியே பிறகு எழுதினார். அதில்தான் தன் முதல் கிக்குயூ நாவலை எழுதி முடித்தார். தமிழ் வாசகருக்கு அது ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’. அடுத்த கிக்குயூ நாவல் ‘மாத்திகாரி’ 1986-இல் வந்தது. மாத்திகாரி என்ற ஆள் ஊர் ஊராகப் போய் நியாயம் கேட்கிறான் என்ற பேச்சு காதில் விழுந்ததும், அவனைப் பிடித்து வர ஆணை பறந்ததாம். அவன் கதாபாத்திரம் என்று தெரிந்த பிறகு கடை கடையாகப் புகுந்து புத்தகத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிடப் பெரிய விமர்சனம் கிடைக்காது. நோபல் கமிட்டி கூட ஒருவனுடைய கதாபாத்திரத்துக்குப் பிடிவாரண்டு கொடுத்ததில்லை.

பிரெஞ்சுப் பக்கம் என்ன குறைவு? கேமரூன் நாவலாசிரியர் மோங்கோ பெத்தி பிரான்சில் பள்ளி ஆசிரியர். கேமரூன் சர்வாதிகாரத்தையும் அதற்கு முட்டுக்கொடுக்கும் பிரான்சையும் தோலுரித்து 1972-இல் ஒரு நூல் எழுதினார். மனித உரிமைகளின் தாயகமான பிரான்ஸ் உடனே அதைத் தடை செய்து, பிரதிகளைப் பறிமுதல் செய்தது. தடையைக் கேட்டது கேமரூன் அரசு. அப்போது பாரீஸில் கேமரூனின் தூதர் யார்? ‘ஒரு வேலைக்காரப் பையனின் வாழ்க்கை’ என்று வெள்ளைத் துரை வீட்டில் வேலை பார்த்து, கடைசியில் அடிபட்டே செத்த பையனின் கதையை எழுதிய நாவலாசிரியர் ஃபெர்தினான் ஓயோனோ. பையன் எஜமானனின் வீட்டைப் பற்றி எழுதினால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும், அவரே எழுதியிருக்கிறாரே.

*

புத்தகக் கடைக்கு வருவோம். பாரீஸில் அயர்லாந்துக்காரர் பெக்கெட் பிரெஞ்சில் எழுதினால் பிரெஞ்சு இலக்கியம். ருமேனியர் இயொனெஸ்கோவும் அப்படியே. செனகல்காரர் எழுதினால் மட்டும் ‘பிராங்கோஃபோன்’ இலக்கியம், வேறு அலமாரி. வீட்டுக்குள் விட்டாயிற்று, திண்ணையில்தான் இலை. 2007-இல் 44 எழுத்தாளர்கள் சேர்ந்து இந்தத் தீண்டாமைக்கு எதிராக அறிக்கை விட்டார்கள். அறிக்கையைப் பாரீஸ் பாராட்டியது, அலமாரி நகரவில்லை.

பரிசுகளையும் ஒப்பிடத்தானே வேண்டும்? 2021-இல் செனகலின் முகமது ம்புகர் சார் கொன்கூர் பரிசு வாங்கினார்; சகாராவுக்குத் தெற்கே பிறந்த ஆப்பிரிக்கர் ஒருவருக்கு அதுவே முதல். பரிசுத் தொகை பத்து யூரோ. அச்சுப்பிழை இல்லை, பத்துதான். நாவல் எதைப் பற்றி? மாலியின் யாம்போ ஊலோகெமின் வாழ்க்கையைத் தழுவியது. 1968-இல் ஊலோகெமைத் தலையில் தூக்கிவைத்து ரெனோதோ கொடுத்த அதே பாரீஸ், சில வருஷத்தில் எழுத்துத் திருட்டுப் பட்டம் கட்டி இறக்கியது. பதிப்பகம் புத்தகத்தைத் திரும்பப் பெற்றது. அவர் ஊருக்குப் போய் வாயை மூடிக்கொண்டார். 2017-இல் இறக்கும்வரை திறக்கவில்லை. உயிரோடிருந்தவனை ஊமையாக்கினார்கள், செத்து நாலு வருஷத்தில் அந்த ஊமையைப் பற்றி எழுதியவனுக்கு மாலை போட்டார்கள்.

அதே 2021-இல் ஆங்கிலக் கம்பெனிக்கு நோபலே கிடைத்தது. சான்சிபாரில் பிறந்த அப்துல்ரசாக் குர்னா, தாய்மொழி ஸ்வாஹிலி. அவருடைய ‘சொர்க்கம்’ நாவல் 1994-இல் வந்தது. அது ஸ்வாஹிலிக்கு வந்தது 2022-இல். சொந்த ஊர்க்காரன் படிக்க ஸ்டாக்ஹோமின் அனுமதிக்காக 28 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. புத்தகம் மட்டும்தானா? பதினான்கு ஆப்பிரிக்க நாடுகளின் சி.எஃப்.ஏ. பிராங்க் நோட்டு பிரான்சில் அச்சாகிறது. சட்டைப்பையில் இருக்கும் காசே அங்கே அச்சாகும்போது கவிதை எங்கே அச்சானால் என்ன?

*

இப்போது பேராசிரியரை ஒரு எல்லைக்கோட்டில் கொண்டுபோய் நிறுத்த ஆசை. நைஜீரியாவுக்கும் பெனினுக்கும் நடுவில். இரண்டு பக்கமும் யோருபா. இந்தப் பக்கத்து அக்கா மகனும் அந்தப் பக்கத்துத் தங்கை மகனும் ஒரே ஆச்சியிடம் ஒரே ஆமைக் கதையைக் கேட்டு வளர்ந்திருக்கலாம். எழுத உட்கார்ந்தால் ஒருவன் யதார்த்தவாதி, இன்னொருவன் தத்துவவாதி! ஒருவன் எழுதியதை மற்றவன் படிக்க வேண்டுமானால் அது பெரும்பாலும் பாரீஸ், லண்டன் வழியாகத்தான் வந்து சேரும். வடக்கே ஹவுசா மொழியைப் பாருங்கள். ஒரே மொழி, ஒரே ஒலி. நைஜீரியாவில் அதற்கு ‘ஒய்’ எழுத்தின் முன்னால் ஒரு மேற்கோள்குறி. நைஜரில் அதே ‘ஒய்’க்குத் தலையில் ஒரு கொக்கி. லண்டனும் பாரீஸும் ஹவுசாக்காரனின் நாக்கை விட்டுவிட்டு எழுத்தாணியை மட்டும் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டன.

இதுவரைக்கும் சிரிக்கலாம். கேமரூனுக்கு வந்தால் சிரிப்பு நிற்கும்.

இருநூற்றைம்பதுக்கும் மேல் மொழிகள் உள்ள நாடு. முதல் உலகப்போரில் ஜெர்மன்காரனிடமிருந்து பிடுங்கி, பிரிட்டனும் பிரான்சும் பங்கு போட்டன. 1961-இல் பிரிட்டிஷ் பங்கின் தெற்குப் பகுதி, பிரெஞ்சுப் பங்கோடு சேர்ந்தது. 2016-இல் ஆங்கிலப் பகுதியின் வக்கீல்களும் ஆசிரியர்களும் தெருவுக்கு வந்தார்கள்: எங்கள் நீதிமன்றத்துக்குப் பிரெஞ்சு நீதிபதியை அனுப்பாதே, எங்கள் வகுப்புக்குப் பிரெஞ்சு வாத்தியாரை அனுப்பாதே. அரசு அந்தப் பகுதிக்கு இணையத்தையே 93 நாள் துண்டித்தது. பிறகு துப்பாக்கி. எரிந்த கிராமங்கள், மூடிய பள்ளிகள், ஆயிரக்கணக்கில் பிணங்கள். அதைப் போய்ப் பார்த்து எழுதிய நாவலாசிரியர் பத்ரீஸ் ங்கனாங், பிரெஞ்சில் எழுதுகிறவர், 2017 டிசம்பரில் விமான நிலையத்தில் பிடிபட்டார். பிறகு நாடு கடத்தப்பட்டார்.

தாய்மொழி இருநூற்றைம்பதும் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளைகள் ‘ஆங்கிலோஃபோன்’, ‘பிராங்கோஃபோன்’ என்று அடையாளம் பார்த்துச் செத்துக்கொண்டிருக்கிறார்கள். பேராசிரியரே, இதுவும் ஒப்பீடுதான். ஆய்வுக்கட்டுரையில் பிணத்தை எந்தப் பக்கத்தில் சேர்ப்பீர்கள்?

ஆட்சியாளர்களுக்கோ இது கட்சித் தாவல். ருவாண்டா பிரான்சோடு சண்டை போட்டுக்கொண்டு, 2008-இல் பள்ளிப் பாடமொழியைப் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்ற முடிவெடுத்தது. பெரும்பாலான வாத்தியார்களுக்கு ஆங்கிலம் சரியாகத் தெரியாது என்பதெல்லாம் சின்ன விஷயம். நாடு முழுக்க ஒரே தாய்மொழி, கிஞ்யருவாண்டா, கையில் இருந்தது என்பது அதைவிடச் சின்ன விஷயம். 2022-இல் கபோனும் டோகோவும் காமன்வெல்த்தில் சேர்ந்தன. அடிமைக்குச் சுதந்திரம் என்றால் பக்கத்துப் பண்ணைக்கு மாறுவது என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

*

எழுத்தாளர்களை நான் அடிக்கவில்லை. பள்ளியில் கொடுத்த கருவியால் அச்செபே எதைச் செதுக்கினார் என்று ‘சிதைவுகள்’ படித்த தமிழருக்குத் தெரியும். அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார ஜில்லா அதிகாரி வருவார். தூக்கில் தொங்கிய கதாநாயகன் ஒக்கொங்வோவைப் பார்த்துவிட்டு, தான் எழுதப்போகும் நூலில் இவனுக்கு ஓர் அத்தியாயம் தரலாமா, வேண்டாம், ஒரு பத்தி போதும் என்று கணக்குப் போடுவார். ஆங்கிலக்காரருக்கு ஒரு பத்தி, பிரெஞ்சுக்காரருக்கு ஒரு பத்தி என்று ஒப்பிட்டு முடிக்கிற ஒவ்வொரு கருத்தரங்கிலும் அந்த அதிகாரிதான் தலைமை தாங்குகிறார்.

நாமும் யோக்கியம் இல்லை. அச்செபேயையும் கூகியையும் தெரிந்த அளவு தமிழருக்குக் குரூமாவைத் தெரியாது. ஏன்? நம் கழுத்தில் தொங்கியது எந்தக் கம்பெனித் தகடு என்பதற்கு வேறு ரசீது தேவையில்லை.

சிலர் தகட்டைக் கழற்றினார்கள். செனகலின் பூபக்கர் போரிஸ் டியோப், ருவாண்டா இனப்படுகொலை நடந்த இடங்களைப் பார்த்துவிட்டு வந்து, அதைப் பற்றிப் பிரெஞ்சில் ஒரு நாவல் எழுதிவிட்டு, 2003-இல் வோலோஃபில் ‘டோமி கோலோ’ எழுதினார். ஆனால் என் கண்ணை விட்டு அகலாதவர்கள் நைஜீரியாவின் கானோ நகரத்துப் பெண்கள். அவர்கள் ஹவுசாவில் நாவல் எழுதுகிறார்கள். மலிவுத் தாள், சொந்தச் செலவு, சந்தையில் விற்பனை. காதல், சக்களத்தி, கட்டாயக் கல்யாணம், வாழாவெட்டி. லண்டன் படிக்குமா, பாரீஸ் ரசிக்குமா என்ற கவலை அவர்களுக்கு இல்லை. அடுத்த தெருப் பெண் படிப்பாள். அவர்களில் ஒருவர் பலராபா ரமத் யாக்கூபு. சிறுமியாக இருக்கும்போதே கட்டிக்கொடுக்கப்பட்டவர், பிறகு முதியோர் வகுப்பில் போய்ப் படித்தவர். அவருடைய நாவல் 2012-இல் ஆங்கிலத்துக்கு வந்தபோது வெளியிட்டது லண்டன் பதிப்பகம் இல்லை. சென்னையின் பிளாஃப்ட். நம் ரயில்வே ஸ்டேஷன் மாத நாவல்களை ஆங்கிலத்தில் தொகுத்த அதே பதிப்பகம். மாத நாவலின் அருமை மாத நாவல்காரனுக்குத்தானே தெரியும்! தமிழிலா என்று கேட்காதீர்கள். தகட்டைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன்.

இந்தப் பெண்கள் எந்தக் கருத்தரங்கின் பட்டியலிலும் இல்லை. ஆங்கிலத்திலும் எழுதவில்லை, பிரெஞ்சிலும் எழுதவில்லை. எந்தத் தட்டில் வைப்பது? ஆனால் 2007-இல் ஒருவர் அவர்களைக் கவனித்தார். கானோ மாநில ஆளுநர். ஒழுக்கம் கெடுகிறது என்று சொல்லி, ஒரு பெண்கள் பள்ளியில், பிள்ளைகளுக்கு முன்னால், அந்த ஹவுசா நாவல்களைக் குவித்துத் தீ வைத்தார்.

எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று கேட்டேன் அல்லவா? லண்டன் கொள்ளி ஒன்று, பாரீஸ் கொள்ளி ஒன்று. மூன்றாவது கொள்ளிக்குத் தீக்குச்சி உள்ளூர்க் கையில் இருந்தது. அந்தக் கை சின்ன வயதில் ஏதோ ஒரு பள்ளியில் ஒரு பொத்தானைப் பிடித்துப் பழகிய கையாகத்தான் இருக்கும்.

அந்தப் பெண்கள் இன்னும் எழுதுகிறார்கள். சந்தையில் இன்னும் விற்கிறது. அடுத்த கருத்தரங்கு நடத்துகிறவர்கள் தேநீருக்கு முன் எனக்கு ஒரே ஒரு நிமிஷம் கொடுத்தால் போதும். மாலையாகிவிட்டது, பொத்தான் யாரிடம் இருக்கிறது என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். பிஸ்கட் வேண்டாம்.